சூடு பட்டால் தெரியும் எழுத்து

என் வீட்டுக்காரர் கல்யாணச் சமையல் மாஸ்டர். கோயம்புத்தூரில் குடியிருக்கிறோம்; காங்கேயம், தாராபுரம் வரைக்கும் விசேஷ வீடுகளுக்குப் போய்ச் சமைப்பார். அவருக்கு நல்ல கைப்பக்குவம் என்று எல்லோரும் சொல்வார்கள். கைப்பக்குவம் பாதிதான், மீதிப் பாதி தொண்டை. மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அடுப்புகள் வரிசையாக இரைந்துகொண்டு எரியும். ஒரு பக்கம் கிரைண்டர் ஓடும், இன்னொரு பக்கம் பாத்திரம் உருளும். இவர் நடு அடுப்பில் அண்டாவைப் பார்த்து நின்றபடி, திரும்பாமலே, "சாம்பாரை எறக்குங்க!" என்பார். கடைசி அடுப்பில் நிற்கிற ஆள் உடனே பிடிதுணியை எடுப்பார். அந்தச் சத்தத்துக்கு முன்வாசலில் சந்தனத் தட்டோடு நிற்கிற பெண்கள்கூட ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தத் தொண்டையில்தான் கெரகம் வந்து உட்கார்ந்தது. முதலில் கரகரப்பு. பனங்கற்கண்டு, அதிமதுரம், மிளகுக் கஷாயம் என்று எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் டாக்டரிடம் போனோம். குரல் நாணில் ஏதோ வளர்ந்திருக்கிறது, கொஞ்சம் வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உயிருக்கு ஒன்றும் பயமில்லை என்றார்கள். நான் மருதமலை முருகனுக்குக் கும்பிடு போட்டேன். ஆனால் குரல் திரும்பி வரவில்லை, காற்று மட்டும்தான் வந்தது. பக்கத்தில் காதை வைத்தால் புரியும். மேலே ஃபேன் ஓடினால் அதுவும் புரியாது. "கத்தவே கூடாதுங்க. கத்துனா இருக்கறதும் போயிரும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

உடம்பு தேறியதும் அவிநாசிப் பக்கம் ஒரு புதுவீட்டு விசேஷத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். கழுத்தில் ஒரு விசிலைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதை ஒரு தடவைதான் ஊதினார். வீட்டுப் பெரியவர் ஓடி வந்து, "நல்ல காரியம் நடக்கற எடத்துல என்னங்க இது, போலீஸ்காரராட்ட?" என்று கேட்டுவிட்டார். அப்புறம் கையைத் தட்டிப் பார்த்தார். அடுப்பு இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? சாம்பாருக்கு இவர் உப்புப் போட்டுவிட்டு, போட்டாச்சு என்று கையைக் காட்டினார். யாரும் பார்க்கவில்லை. இவருக்கு அடுத்தபடியாக நிற்கும் ரெண்டாவது மாஸ்டர் அவர் பங்குக்கு ஒரு படி போட்டுவிட்டார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். உப்பு கூடின பண்டமும் அங்கேதான் போனது, அண்டாவோடு. பந்தி உட்கார்ந்து வெற்று இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு அம்மா, பாவப்பட்டுத்தான் சொன்னார், "வாயுள்ள புள்ளதானுங்க பொழைக்கும். இனி மாஸ்டருக்குக் கஷ்டந்தான்." இவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். தொண்டை போனவருக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்தார்களோ என்னவோ. எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் இருந்த கரண்டியை வீசியிருப்பேன். விசேஷ வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அம்மணி, ஆளுங்களையெல்லாம் ரெண்டாவது மாஸ்டர்கிட்ட ஒப்படைச்சுப்போடறேன். அண்டா குண்டாவையும் அவரே வெச்சுக்கட்டும். இனி நான் எங்கயும் போறதில்ல."

"நல்லாருக்குதுங்க! அப்பறம் என்ன பண்ணுவீங்க?"

"சும்மா இருப்பேன்."

சும்மா இருக்கிற என் வீட்டுக்காரரை எனக்குப் பழக்கமே கிடையாது. சித்திரையில் காங்கேயம் ரோட்டு மண்டபத்தில் ஒரு காதுகுத்துச் சீருக்கு முன்னாலேயே ஒத்துக்கொண்டிருந்தார். அதற்கும் வரமாட்டேன், ரெண்டாவது மாஸ்டரே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்.

நான் பீளமேட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பிரிண்டிங் பட்டறை நடத்துகிறேன். பனியன், துணிப்பை, யூனிஃபார்ம், எது வந்தாலும் ஸ்கிரீன் வைத்து மை இழுத்துக் கொடுப்போம். இவர் தினமும் என்னோடு பட்டறைக்கு வர ஆரம்பித்தார். வந்தவர் சும்மா இருக்க வேண்டியதுதானே? காயப்போட்ட பனியனைக் காயுமுன்னே மடிப்பார். மை டப்பாவை மசாலா டப்பா மாதிரி வரிசை மாற்றி அடுக்குவார். நான் சிவப்பைத் தேடிக் கை வைத்தால் பச்சை வரும். "சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகுது, அந்தச் சேர்ல உக்காருங்க" என்பேன். உட்கார்ந்தால் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க முடியாமல் நானே ஏதாவது வேலை கொடுத்து எழுப்பிவிடுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மேடம் வந்தார். இங்கே ஒரு காலேஜில் துணி ஆராய்ச்சி செய்கிறவர், சின்ன வயதுதான். ஒரு மையைக் கொடுத்து, துணியில் அடித்துத் தரச் சொன்னார். சாதாரணக் கறுப்பு மை என்றுதான் நினைத்தேன். அடித்துக் காய்ந்த துணியின்மேல் மேடம் சூடான டீ டம்ளரை வைத்தார்.

"ஐயோ மேடம், கறையாயிருமுங்க!"

"இருங்க அக்கா" என்று டம்ளரை எடுத்தார். டம்ளர் இருந்த இடத்தில் கறுப்பே இல்லை. அடியில் இருந்த வெள்ளைத் துணி வட்டமாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது துணி ஆற, கறுப்பு மெல்ல மெல்ல வந்து மூடிக்கொண்டது. நான் டம்ளரைப் பிடுங்கி இன்னும் நாலு இடத்தில் வைத்துப் பார்த்தேன். டீ ஆறிப்போனதும் இன்னொரு டீ சொல்லி, அதையும் வைத்துப் பார்த்தேன்.

அதன் பிறகு மேடம் பையிலிருந்து இன்னொரு துணியை எடுத்தார். அதிலும் அதே கறுப்புதான். ஆனால் அடியில் எண்களை அடித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் கரி மையில் மெல்லிய கோடுகள் இழுத்திருந்தார்கள். பவர் பேங்க்கைச் செருகி ஒரு பொத்தானை அமுக்கினால் அந்தக் கோடுகள் சூடாகும். அந்த இடத்தில் மட்டும் கறுப்பு விலகி எண் தெரியும். ஆறினால் மறைந்துவிடும். மேடம் அதைச் சுருட்டிக் காட்டினார், மடித்துக் காட்டினார். "இதுவும் டிஸ்பிளேதான் அக்கா. ஆனா தானா வெளிச்சம் விடாது. பேப்பர்ல எழுத்து தெரியற மாதிரிதான். மேல எவ்வளவு வெளிச்சம் விழுதோ அவ்வளவு நல்லாத் தெரியும்."

நான் நம்பாமல் அதை வாசலுக்குக் கொண்டுபோனேன். நல்ல உச்சி வெயில். என் போனை எடுத்துப் பார்த்தால் என் மூஞ்சிதான் தெரிந்தது. துணியில் எண் பளிச்சென்று தெரிந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் பஞ்சர் கடையில் இருந்தவரிடம், "ஏனுங்க, இது என்ன நம்பர்?" என்று கத்தினேன். அவர் சரியாகச் சொன்னார்.

திரும்பி ஓடி வந்து, "மேடம், இதுல நம்பர் மட்டுந்தான் வருமா, எழுத்தும் வருமா?" என்று கேட்டேன்.

"நீங்க எதை பிரிண்ட் பண்றீங்களோ அது வரும்."

"உப்புன்னு வருமா?"

மேடம் சிரித்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, சேரில் உட்கார்ந்திருந்த இவரைத் திரும்பிப் பார்த்தார். லேபுக்கு வெளியே ஒரு நிஜமான வேலையிடத்தில் இதை யாராவது போட்டுப் பார்த்தால் தனக்கும் நல்லது என்றார்.

இவர் ஒத்துக்கொண்டாரா? "நான் என்ன டவுன் பஸ்ஸா, போர்டு மாட்டிட்டுத் திரியறதுக்கு?" என்றார்.

"பஸ்ஸுக்காச்சும் போற எடம் தெரியுமுங்க. உங்களுக்கு அதுவும் தெரியல" என்றேன் நான். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வாயில் வந்துவிட்டது.

ஏப்ரன் தைத்தோம். என்னென்ன சொற்கள் வேண்டும் என்று மேடம் கேட்டார். வேண்டாம் வேண்டாம் என்ற இவர், காதை மட்டும் இந்தப் பக்கமே வைத்திருந்தார். நான் சுருக்கமாக 'உப்பு', 'கிளறு', 'இறக்கு', 'நிறுத்து' என்று எழுதினேன். நீளச் சொல்லென்றால் கோடு கூடும், சூடு கூடும், பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று மேடம் சொல்லியிருந்தார். இவர் எழுந்து வந்து பேனாவைப் பிடுங்கினார். "எம்பட ஆளுங்ககிட்ட நான் என்னிக்கு நிறுத்துன்னு சொல்லீருக்கேன்?" என்று ஒவ்வொன்றிலும் ஒரு 'ங்க'வைச் சேர்த்தார், கடைசியில் புதிதாக ஒன்றும் எழுதினார். உப்புப் போடுங்க, கெளறுங்க, எறக்குங்க, நிறுத்துங்க, அடுப்பை அணைங்க. மரியாதைக்கு இன்னொரு பேட்டரி வாங்க வேண்டியதாகிவிட்டது. பொத்தான்களை இடுப்புப் பட்டையில் பக்கவாட்டில் வைத்துத் தைத்தோம், மாவுக் கையோடும் அமுக்கலாம். பட்டறையில் கட்டிப் பார்த்தோம். நெஞ்சில் சிவப்பாக 'கெளறுங்க' என்று வந்தபோது நான் பக்கத்தில் இருந்த மை வாளியைக் கிளறினேன். அதற்கும் அவர் சிரிக்கவில்லை. வரமாட்டேன் என்றதை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

காதுகுத்துச் சீருக்கு முந்தின நாள் காலையில் பட்டறையில் ஏப்ரனைக் காணோம். மூலை முடுக்கெல்லாம் தேடினேன். அப்போது இவர் தெருமுனை இஸ்திரி வண்டியிலிருந்து வந்தார். கையில் வெள்ளைச் சட்டை, வேட்டி, அவற்றின் மேலே நாலாக மடித்த ஏப்ரன், நல்ல கஞ்சி மொடமொடப்பு.

பிரித்துப் பார்த்தேன். கரிப்பெட்டிச் சூட்டில் கறுப்பெல்லாம் செத்துப்போய், காய்ந்த சாணி நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. எல்லாச் சொல்லும் அரைகுறையாகத் தெரிந்தன. பொத்தானை அமுக்கினால் ஒரு மாற்றமும் இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை! "அடக் கடவுளே, இதைப் போயி யாராச்சும்…" என்று ஆரம்பித்தேன்.

"கசங்கிக் கெடந்துச்சு அம்மணி. நாளைக்குக் கட்டோணுமல்ல. விசேஷ ஊட்டுக்குக் கசங்கலோட எப்புடிப் போறது?"

நாளைக்கு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குத் திட்டுவதெல்லாம் மறந்துவிட்டது. வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், யாருக்கும் தெரியாமல் சட்டை வேட்டியை இஸ்திரி போட்டு வாங்கி வந்திருக்கிறார். எந்த விசேஷத்துக்கும் அவர் இஸ்திரி போடாத துணியோடு போனதில்லை. அவர் என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடத்துக்குப் போன் போட்டேன். "இஸ்திரியா?" என்று கேட்டார். அப்புறம் மீதி மையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினார். பகல் முழுக்க வேறு ஆர்டரைத் தொடவில்லை. நான் மை இழுத்தேன், மேடம் கம்பி சேர்த்தார், இவர் ஃபேனுக்கு அடியில் நின்று துணியைப் பிடித்துக் காயவைத்தார். அவரை மடிக்க விடவில்லை.

மறுநாள் விடியும்போதே மண்டபத்தில் இருந்தோம். மேடமும் வந்திருந்தார். ரெண்டாவது மாஸ்டருக்கு இவரைக் கண்டதும் வாயெல்லாம் பல். "வந்துட்டீங்களாணா!" என்று நடு அடுப்பை விட்டு நகர்ந்துகொண்டார். இவர் ஏப்ரனை நெஞ்சோடு கட்டிக்கொண்டு போய் நின்றார். காய் வெட்டுகிற வரைக்கும், அரைக்கிற வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆட்களுக்கு இது புது விளையாட்டாக இருந்தது. அவர் பொத்தானை அமுக்க, அவர்கள் வாய்விட்டுப் படிக்க, கொட்டகை கலகலவென்று இருந்தது.

பெரிய அண்டாவில் அரிசிம்பருப்புச் சாதத்துக்கு உலை கொதித்தது. இவர் குனிந்து துடுப்பைப் போட்டார். அடுப்பின் அனல் நேராக நெஞ்சில் அடித்தது. அவ்வளவுதான். பொத்தானைத் தொடாமலே கறுப்பு முழுக்க விலகி, எல்லாச் சொல்லும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. உப்புப் போடுங்க, நிறுத்துங்க, கெளறுங்க, எறக்குங்க, அடுப்பை அணைங்க.

ரெண்டாவது மாஸ்டர் உப்புப் படியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார். "ஏனுங்ணா, எதைங்ணா செய்யறது? போடறதா, நிறுத்தறதா?"

அவர் நிஜமாகத்தான் கேட்டார். ஆனால் கொட்டகை முழுக்கச் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். இவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். துடுப்பை ரெண்டாவது மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்கக் குழாயடிக்குப் போய் ஏப்ரனை அவிழ்த்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"போதும் அம்மணி. ஊட்டுக்குப் போலாம்."

மேடம் அழுகிற மாதிரி வந்து நின்றார். "லேப்ல ஏசி ஓடுது அக்கா. அடுப்பு முன்னாடி இவ்வளவு அனல் இருக்குமுன்னு நான் யோசிக்கவே இல்ல. இதைவிடச் சூடு தாங்கற மை இருக்கு, ஆனா இன்னிக்குக் கையில இல்ல."

இவர் சுவரைப் பார்த்து நின்று முகம் கழுவினார். எனக்கு எல்லார் மேலும் கோபம், அடுப்பு மேலும் கோபம். இன்றைக்கு இவர் வீட்டுக்குப் போனால் இனி எந்தக் கொட்டகைக்கும் வரமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் திரும்பட்டும், நன்றாகக் கேட்கலாம் என்று அவர் முதுகையே முறைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் சட்டையைக் கவனித்தேன். முன்பக்கம் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. முதுகு காய்ந்து கிடந்தது. இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை.

"அனல் எல்லாம் முன்னாலதானுங்களே அடிக்குது" என்றேன். "அடுப்பப் பாத்து நிக்கற உங்க நெஞ்சை யாருங்க பாக்கறா? உங்க ஆளுங்க பாக்கறது பூராவும் உங்க முதுகைத்தானே!"

அவர் பதில் சொல்லுமுன்னே ஏப்ரனைப் பிடுங்கி, முதுகுப் பக்கம் போட்டு, முன்னால் இழுத்து முடிச்சுப் போட்டேன். பொத்தான் பட்டை வயிற்றுக்கு வந்தது. கை வைக்க இன்னும் வசதி. இது தனக்குத் தோன்றவில்லையே என்று மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு தடவை போயி நில்லுங்க. இதும் ஆகலைன்னா நானே வண்டி பிடிச்சு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். தூக்கிக்கொண்டு போகாத குறையாக அவரைக் கொட்டகைக்குள் தள்ளினேன்.

போய் நின்றார். முதுகுக்குப் பின்னால் திறந்த வெளி, தென்னந்தோப்புக் காற்று, காலை வெயில். 'கெளறுங்க' என்று எழுந்தது. மூன்றாவது அடுப்புக்காரர் கிளறினார். கொஞ்சம் பொறுத்து அது மறைந்தது. 'உப்புப் போடுங்க' என்று வந்தது. ரெண்டாவது மாஸ்டர் போட்டார். அவர் இன்னும் ஒரு கை எடுக்கப் போனபோது 'நிறுத்துங்க' வந்துவிட்டது. ஒரு சொல் ஆறி மறைந்த பிறகுதான் அடுத்ததை அமுக்க வேண்டும். மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தவருக்கு அந்த நிதானம் முதலில் கடுப்பாக இருந்தது. காலால் தரையைத் தட்டிக்கொண்டு காத்திருந்தார். ஆனால் ஆட்கள் யாரும் பதறவில்லை. பச்சைப்பயறும் பொரியலும் பதத்தில் இறங்கின. இனிப்பு ஒப்புட்டு தட்டுகிற பெண்கள் ஒரு கண்ணைக் கல்லிலும் ஒரு கண்ணை அந்த முதுகிலும் வைத்துக்கொண்டு தட்டினார்கள். முதல் பந்தி சாப்பிட்டு எழுந்தது. சாம்பார் போதவில்லை, இன்னும் கொண்டுவாருங்கள் என்று உள்ளேயிருந்து கேட்டு ஆள் வந்தபோது, எனக்கு அந்த ஆளைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது.

ரெண்டாவது பந்தி நடக்கும்போது சீர்க்காரர் வீட்டு அம்மா ஒருவர் கொட்டகைக்குள் வந்தார். பட்டுச் சேலை, வாய் நிறைய வெற்றிலை. நேராக ரெண்டாவது மாஸ்டரிடம் போனார். "சமையல் ரொம்ப நல்லாருந்துச்சுங்க. ஆவணியில எங்க பொண்ணு கல்யாணம். இனி நீங்கதான் ஒத்துக்கறதா? யாருகிட்டச் சொல்லோணும்?"

ரெண்டாவது மாஸ்டர் நல்ல மனுஷன். நடு அடுப்பைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேடமும் பார்த்தார். இவர் பாயசம் கிளறிக்கொண்டிருந்தார், காதில் விழுந்தது என்று தெரிந்தது, தோள் நின்றுவிட்டது. ஆனால் திரும்பவில்லை. இந்த இரைச்சலில் திரும்பி என்ன சொன்னாலும் அந்த அம்மாவுக்குக் கேட்காது. நான் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். வைத்த காலை இழுத்துக்கொண்டேன். இதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அவர் கை இடுப்புப் பட்டைக்குப் போனது. முதுகில் கறுப்பு விலகி, 'அடுப்பை அணைங்க' என்று வந்தது.

ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை, பாயசம் பாதியில் இருக்கிறது. ஆனாலும் மாஸ்டர் சொல்கிறார். கடைசி அடுப்பு நின்றது. அடுத்தது நின்றது. ரெண்டாவது மாஸ்டர் தன் அடுப்பைத் திருகி நிறுத்தினார். யாரோ கிரைண்டர் சுவிட்சையும் போய்த் தட்டினார்கள். கடைசியாக இவர் குனிந்து தன் அடுப்பை அணைத்தார். பந்தியில் தண்ணீர் கேட்கிற சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பினார். கத்தவில்லை. அந்தக் காற்றுக் குரலிலேயே பேசினார். கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"நான்தானுங்க வருவேன். எத்தனை எலைங்க?"

அந்த அம்மா விரல்விட்டுச் சொந்தக்காரர்களை எண்ண ஆரம்பித்தார். நான் குழாயடிக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.